நான் வெட்டிப்போட்ட பத்து நிமிஷங்கள்

பாக்காத காத்துக்கு சாட்சி சொல்றதுதாங்க எங்க வேலை.

வளைகுடா நாடு ஒண்ணுல, பாலைவனத்துக்கு நடுவுல, எம்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பம் நட்டிருக்காங்க. காத்துக்கு சுத்துற சின்னச் சின்னக் கப்பு, வெயில் அளக்க ஒரு கருவி, மழை அளக்க ஒரு கருவின்னு அதுல மாட்டி வச்சிருக்காங்க. அது பத்து நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதும். மணிக்கு ஒருக்கா அந்த வரியெல்லாம் சட்டலைட் வழியா இலங்கையில எங்க எஹலியகொட டவுனுக்கு வந்து, ஹாட்வெயார் கடைக்கு மேல் மாடியில இருக்குற எங்க ஒஃபிஸ் கொம்பியூட்டர்ல விழும். நல்ல வரியை வச்சிக்கிட்டு, கெட்ட வரியை வெட்டிப்போட்டு, "இந்த எடத்துல காத்தாலை வைக்கலாமா, வேணாமா"ன்னு கடைசியில ரிப்போட் எழுதணும். வெளிய மழை ஊத்திக்கிட்டு இருக்கும். நான் உள்ள ஒக்காந்து புழுதிக் காத்தைப் பாத்துக்கிட்டு இருப்பேன்.

அந்தக் கம்பத்துல ஏறி கருவிகளத் தொடைக்க ஒரு ஆள் வேணும்னு எங்க பொஸ் நிமல் சேர் கேட்டப்ப, பெருமையா என் வீட்டுக்காரரு பேரைக் கொடுத்தவ நான்தான். யோகன் இங்க போன் டவர்ல ஏறிக்கிட்டு இருந்தாரு. கல்யாணம் முடிஞ்சு அப்ப அஞ்சே மாசம். ரெண்டு வருஷ ஒப்பந்தம். ரிப்போட்ல "காத்து போதாது"ன்னு வந்தா கம்பத்தைக் கழட்டிட்டு வீட்டுக்கு வந்துருவாரு. "காத்து நல்லம்"னு வந்தா காத்தாலை கட்டுற வேலைக்கு இன்னும் மூணு வருஷம் அங்கயே. அந்த ரிப்போட்டை எழுதப் போறதும் நான். சொந்தக் காசுல சூனியம் வச்சிக்கிட்ட கதைதான். வெளிநாட்டுக்கு ஆளை அனுப்பிட்டு போனையே பாத்துக்கிட்டு இருக்குறவங்களுக்கு நான் சொல்றது வெளங்கும்.

மழைக் கருவி பழுது

யோகன் போய்ச் சேந்த மொத மாசம். எனக்கும் பாலைவனம் புதுசு. மழை வரியைப் பாத்தா பூச்சியம், பூச்சியம், முப்பது நாளும் பூச்சியம். நான் பொறந்து வளந்தது சப்ரகமுவ மலையில. எங்க தோட்டத்துல மூணு நாள் சேந்தாப்புல காய்ஞ்சா பால் வெட்டுற ஆளுங்களுக்குக் கொண்டாட்டம், ஏன்னா மழை நாள்ல ரப்பர் மரத்துல கத்தி வைக்க ஏலாது. ஒரு மாசம் முழுக்க மழையே இல்லாத ஊரு இருக்கும்னு புஸ்தகத்துல படிச்சிருக்கேன், கெம்பஸ்ல பரீட்சைக்கும் எழுதியிருக்கேன். ஆனா மனசு நம்பணுமே! "மழைக் கருவி பழுது. உடனே சோதிக்கவும்"னு சிவப்பு எழுத்துல அனுப்பிட்டேன்.

பொண்டாட்டி சொல்லைத் தட்டாத மனுஷன். குடிக்க வச்சிருந்த போத்தல் தண்ணியில பாதியைக் கருவிக்குள்ள ஊத்திப் பாத்திருக்காரு. அடுத்த மணி வந்த வரியில, ஒரு பொட்டு மேகம் இல்லாத நடுமத்தியானத்துல, அடை மழை! நான் அதை வெட்டுறதுக்குள்ள வேலை கொடுத்த கம்பனி மெனேஜர் அங்க பாத்துட்டாரு. நிமல் சேருக்குப் போன் போட்டுக் கேட்டாராம்: "எங்க ஊரே மழைக்காகத் தொழுதுக்கிட்டு இருக்கு, உங்க கம்பத்துக்கு மட்டும் எப்படிங்க பெஞ்சுச்சு?"

ஒன்றரை மணி நேரம்

அவரு ஊருக்கும் நம்ம ஊருக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். நம்ம மணி ஏழரைன்னா அங்க ஆறு. கேம்ப்ல போன் சிக்னலும் கெடையாது. பத்து நாளைக்கு ஒருக்கா சாமான் வாங்க டவுனுக்கு வந்தாத்தான் பேச்சு. அதனால நான் என் கைக்கடிகாரத்தை அவரு மணிக்கு மாத்தி வச்சிக்கிட்டேன். இப்ப எழும்பியிருப்பாரு, இப்ப ரொட்டி சுடுவாருன்னு நெனைச்சிக்கிட்டே பஸ் ஏறுவேன். அதுல ரெண்டு தரம் பஸ்ஸும் போயிருச்சு. ரப்பர் தோட்டத்து லய வீட்டுல என்கூட இருக்குற அவரோட அம்மா, எங்க மாமி, "உங்கிட்ட மணி கேட்டா பொழப்பு கெட்டுரும்"னு ஏசும். விடிய பேர் குடுக்க பெரட்டுக்குப் போற தோட்டத்துப் பொம்பளைங்ககிட்டதான் மணி கேக்கும்.

அந்தப் பழக்கம் ஒஃபிஸுக்கும் வந்துருச்சு. பாலைவனத்துல இருந்து வர்ற வரி ஏற்கனவே அவரு ஊரு மணியிலதான் இருக்கு. நான் என் கையைப் பாத்து, பழக்க தோஷத்துல, ஒரு மாசத்து வரியை இன்னொரு ஒன்றரை மணி நேரம் பின்னால தள்ளிட்டேன். காத்து வரியில அது தெரியல. வெயில் வரியில அப்பட்டமாத் தெரிஞ்சிருக்கு. சேர் என்னைக் கூப்பிட்டு மெனேஜர் எழுதினதை வாசிச்சாரு. எனக்கு மூஞ்சி செவந்து போச்சு. "உங்க தீவுல எப்படியோ தெரியாது. எங்க நாட்டுல சூரியன் நாலரைக்கு உதிக்கிற பழக்கம் இன்னும் வரல."

நானா கேட்ட கேள்வி

கீழ ஹாட்வெயார் கடைக்கார முஸ்லிம் அண்ணனை நாங்க நானான்னுதான் கூப்பிடுவோம். சொந்த ஊரு மாவனல்லை. பூட்டுல இருந்து தண்ணி டேங்க் வரைக்கும் விப்பாரு. நான் படியேறுறப்ப எல்லாம் "தங்கச்சி, இன்டைக்கு மழை ஈக்கா?"ன்னு கேப்பாரு. எனக்கு நம்ம ஊரு வானத்தைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. "நானா, பாலைவனத்துல வெயில், அது நிச்சயம்"னு சொல்லிட்டு ஓடிருவேன்.

ஒரு நாள் விட மாட்டேன்னுட்டாரு. ரெண்டே வருஷக் காத்தைப் பாத்துட்டு இருபது வருஷத்துக்கு எப்படிச் சொல்றதுன்னு கேள்வி. பக்கத்து எயார்போர்ட்ல முப்பது வருஷமா எழுதி வச்ச காத்துக் கணக்கு இருக்கு, நம்ம ரெண்டு வருஷத்தை அதோட பக்கத்துல வச்சு, இது ஒத்து வர்ற காத்தா, இல்ல ஏதோ ரெண்டு வருஷம் மட்டும் தலைகால் தெரியாம அடிச்ச காத்தான்னு பாப்போம்னு வெளங்கப்படுத்தினேன். ஆணி நிறுத்துக்கிட்டே தலையாட்டிக் கேட்டாரு. "சரிதான். பொடியனை ஒரு தரம் பாத்துட்டு, அவன்ட ஊட்டாள்களைப் பத்தி நாலு பேர்ட்ட விசாரிச்சிட்டு, ஆயுசுக்கும் முடிச்சுப் போட்டுருவோம். நாங்க கலியாணம் பேசுறதும் இப்பிடித்தானே தங்கச்சி!"ன்னாரு. நான் சிரிச்சிட்டு மேல வந்துட்டேன். வந்து ஒக்காந்த பொறகுதான் என் கணக்கு ஞாபகம் வந்துச்சு. எனக்குக் கெடைச்சது ரெண்டு வருஷம்கூட இல்ல, அஞ்சு மாசம். சேர் என் மூஞ்சியைப் பாத்துட்டு என்னன்னு கேட்டப்ப நானாவோட கேள்வியையும் என் அஞ்சு மாசத்தையும் சொன்னேன். என்னை எப்பவும் நங்கி, அதாவது தங்கச்சின்னு கூப்பிடுறவரு சிங்களத்துல சொன்னது இது: "அஞ்சு மாசக் காத்தை வச்செல்லாம் ரிப்போட் எழுத முடியாது நங்கி, நல்ல காலம் நமக்கு ரெண்டு வருஷம் இருக்கு."

கப்புல ஒரு சுத்து

கம்பத்துல ஆள் ஏறின நேரத்து வரியெல்லாம் கெட்ட வரி. ஆள் ஒடம்பு காத்தை மறைக்கும், கை பட்டா கப்பு பொய் சொல்லும். அதனால வெட்டணும். வெட்டினா காரணமும் எழுதணும். "சும்மா 'வேலை நடந்தது'ன்னு மொட்டையா எழுதாத. கை பட்டுச்சுன்னா கை பட்டுச்சுன்னே எழுது"ன்னு சேர் மொத நாளே சொல்லிட்டாரு.

காத்து இல்லாத விடியக்காலையா பாத்துதான் யோகன் ஏறுவாரு. ஒரு நாள் பாக்குறேன், எல்லாக் கப்பும் செத்தாப்புல கெடக்கு. சராசரியும் ஒண்ணுமில்ல. ஆனா ஆகக் கீழ இருக்குற பத்து மீட்டர் கப்புல மட்டும், ஆகக் கூடின வேகம்னு போடுற எடத்துல, சுள்ளுனு ஒரு நாலு. கொஞ்ச நேரம் கழிச்சு, அதே கப்புல, இன்னொரு நாலு. இது என்ன பேய்க் காத்துன்னு மண்டையைப் பிச்சிக்கிட்டேன். அந்த வாரம் டவுன்ல இருந்து பேசுறப்ப கேட்டேன். மனுஷன் கூச்சப்பட்டாரு. ஏறுறப்ப ஒரு சுத்து, எறங்குறப்ப ஒரு சுத்து. நான் பாப்பேன்னு தெரிஞ்சு, கையால சுத்தி விட்டிருக்காரு.

ஐயோ, அதுக்குப் பொறகு என் பொழப்பு அந்த ஒரு வரியைத் தேடுறதுதான். ரெண்டாயிரம் மைல் தள்ளியா, இருபதாயிரம் மைல் தள்ளியா, எனக்கு ஒண்ணும் கணக்கு இல்ல. இந்த நிமிஷம் என் புருஷன் கை அந்தக் கப்புல பட்டிருக்கு, அது எனக்குத் தெரியும். கண்ணு நெறையப் பாப்பேன். பாத்துட்டு வெட்டிப்போட்டு, காரணத்துல "டெக்னீஷியன் கை"ன்னு எழுதுவேன். தெனம் விடிஞ்சதும் மாமி கேக்குறதுக்கு அதுக்குப் பொறகுதான் என்னால பதில் சொல்ல முடிஞ்சுச்சு. எழும்பி மூஞ்சி கழுவ முன்ன மாமி கேக்குறது எப்பவும் ஒண்ணுதான்: "எம் புள்ள நேத்து ஏறினானா, எறங்கினானா, அதை மட்டும் சொல்லு."

நல்ல காத்து

இன்னொரு நாள் விடிய, மொத சுத்து வந்துருச்சு. ஏறிட்டாரு. ஒரு மணி நேரத்துல எங்கயோ கெடந்த காத்து கெளம்பிருச்சு. செக்கனுக்கு எட்டு மீட்டர், பன்னெண்டு, பதினாறு. அவரு கையால சுத்தினா நாலு வரும். காத்தே பதினாறு அடிக்கிறப்ப அந்த நாலை எங்க போய்த் தேடுறது? எறங்கிட்டாரா, மேல தொங்கிக்கிட்டு இருக்காரா, ஒண்ணும் தெரியல. போனும் இல்ல. மணிக்கு ஒருக்கா வர்ற ஆறு வரிதான். நான் கதிரை நுனியில ஒக்காந்து கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டேன். பின்னால வந்த நிமல் சேர் திரையைப் பாத்துட்டு கையைத் தட்டினாரு. "நியம ஹுளங், புனிதா!" அருமையான காத்தாம். யாரு மேல இருக்காங்கன்னு அந்த மனுஷனுக்கு அப்ப ஞாபகம் இல்ல.

மத்தியானச் சோத்துப் பார்சலை நான் பிரிக்கவே இல்ல. அவரு ஊரு மணிக்கு பதினொண்ணு இருக்கும், வந்த வரியில வெயில் அளக்குற எடம் சரியா பத்து நிமிஷத்துக்கு இருட்டாக் கெடந்துச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தீயா வெயில். அந்த வானத்துல ஏது மேகம்? யோசிச்சேன். வெயில் கருவி இருக்குறது கீழ, ஆள் உயரத்துல. தொப்பியைக் கழட்டி அது மேல கவுத்து வச்சிருக்காரு! எறங்கிட்டாரு, எறங்கிட்டாரு! நான் ஓன்னு அழுதுட்டேன். நாப்பது மீட்டர்ல தன்னைக் கம்பத்தோட கட்டிக்கிட்டு மூணு மணி நேரம் காத்து அடங்கக் காத்திருந்தாருன்னு பொறகுதான் தெரியும். அன்னைல இருந்து ஏறுறதுக்குக் கப்பு, எறங்குறதுக்குத் தொப்பி. ஆனா அந்த நேரம் சேருக்கு ஒண்ணும் புரியல. திரையையும் என்னையும் மாறி மாறிப் பாத்தாரு. "நல்ல காத்துக்கு யாராச்சும் அழுவாங்களா நங்கி?"

தண்ணி கலந்த பால்

ரெண்டு வருஷம் முடியப் போகுது. ரிப்போட் எழுதுற நேரம். எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா காத்து கொஞ்சம் போதல. மயிரிழையிலதான், ஆனா போதல. வந்துருவாரு! திரும்பவும் பாத்தேன். அப்பதான் கண்ணுல பட்டுச்சு சனியன். உச்சியில எதிரும் புதிருமா ரெண்டு கப்பு. கடைசி ஏழு மாசமா அதுல ஒண்ணு மத்ததை விட மெல்ல மெல்லக் கொறைச்சுக் காட்டிக்கிட்டு வருது. உள்ள மண்ணு போய்த் தேஞ்சிருக்கு. அந்தக் கப்பை வெட்டிட்டு மத்ததை மட்டும் வச்சா, காத்து நல்லம். தாராளமா நல்லம். வெட்டாம விட்டா யாருக்கும் தெரியாது. சேர் என் மேல நம்பிக்கை வச்சுக் கையெழுத்துப் போடுவாரு.

ரெண்டு நாள் ரிப்போட்டைத் தொடாம தள்ளிப்போட்டேன். மாமிகிட்ட சொன்னேன். காலமெல்லாம் பால் வெட்டின மனுஷி, நேர்மை அது இதுன்னு ஏதாச்சும் சொல்லும்னு பாத்தேன். அடுப்பை ஊதிக்கிட்டே கேட்டுட்டு, ஒண்ணு சொல்லுச்சு. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. ஆனா அந்தக் கப்பைப் பாக்குறப்ப எல்லாம், உச்சியில தொங்கிக்கிட்டு அதைத் தொடைச்ச கைதான் ஞாபகம் வந்துச்சு. அவரு உசிரைக் குடுத்து எடுத்த கணக்கை நான் எப்படிப் பொய்யாக்குறது? மறுநாள் போய் தேஞ்ச கப்பை வெட்டினேன். "காத்து நல்லம்"னு எழுதினேன். எழுதிட்டு டொய்லட்டுக்குள்ள போய் வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். மாமி சொன்னதை இன்னைக்கு வரைக்கும் சேர்கிட்ட சொல்லல: "நானே ரெண்டு மூணு தரம் பால்ல தண்ணி கலந்து நிறுக்கக் குடுத்திருக்கேன், நிறுக்குற ஐயா கண்டுபிடிக்கல. எம் புள்ள வர்றதுக்காக நீயும் கொஞ்சம் கலந்துரு புள்ள."

கடைசி இணைப்பு

மெனேஜர் வீடியோவுல வந்தாரு. காத்துப் பக்கத்தையெல்லாம் பாத்து சந்தோஷம், காத்தாலை கட்டுறது முடிவாயிருச்சு. நான் தலையைக் குனிஞ்சிக்கிட்டு மூணு வருஷத்துக்கு எத்தனை மாசம்னு விரல் விட்டுக்கிட்டு இருந்தேன். அப்ப அவரு கடைசி இணைப்பைப் பொரட்டினாரு. வெட்டின வரியெல்லாம், காரணத்தோட, தேதி நேரத்தோட, வரிசையா இருக்குற எடம். பக்கத்துக்குப் பக்கம் "டெக்னீஷியன் கை", "டெக்னீஷியன் கை", "டெக்னீஷியன் தொப்பி". சேர் சொன்னபடி மொட்டையா எழுதாம எழுதினதுதான். சத்தியமா வேற ஒரு யோசனையும் எனக்கு இல்ல.

மெனேஜர் கண்ணாடியைக் கழட்டினாரு. "காத்து நல்லா இருக்கு. ஆனா உங்க ஆளு கருவியில கை வைக்காத வாரமே இல்லையே! காத்தாலைக்கு இந்தப் பழக்கம் ஆகாது. அடுத்த வேலைக்கு நாங்க வேற ஆளைப் பாத்துக்கிறோம்." நிமல் சேர் என் பக்கம் திரும்பவே இல்ல. காது மட்டும் செவந்துச்சு. அந்தக் கை யாருக்காகன்னு அவருக்கு வெளங்கிருச்சுன்னு எனக்கும் வெளங்கிருச்சு.

எனக்கு சந்தோஷப்படவும் பயமா இருந்துச்சு. உயரத்துல உசிரைப் பணயம் வச்சு வேலை செஞ்ச மனுஷனுக்கு "கை வைக்கிற ஆளு"ன்னு பேரு வாங்கிக் குடுத்துட்டேனே! அந்த வாரம் அவரு டவுனுக்கு வந்து பேசினப்ப, ஒண்ணு விடாம சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்ப கம்பத்தையும் கழட்டியாச்சு. என் திரையில வரி வர்றதில்ல. வர்ற வியாழக்கிழமை ப்ளேன், கைக்கடிகாரத்தை மட்டும் நான் இன்னும் மாத்தல. அன்னைக்கு போன்ல அவரு சொன்னது இவ்வளவுதான்: "புனி, அங்க தொடுறதுக்கு வேற என்ன இருந்துச்சு எனக்கு?"

கெட்ட வரியைக் கண்டா யோசிக்காம வெட்டுங்கன்னுதான் எங்க தொழில்ல சொல்லித் தருவாங்க, ஆனா வெட்டினதை ஒழுங்கா எழுதி வச்சா புருஷன் வீட்டுக்கு வருவாருன்னு எந்தப் புஸ்தகத்துலயும் போடலங்க.